செய்து காட்டாத மாஸ்டர்

பெரம்பலூரில் எங்களுக்கு யோகாசனம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஆசனத்தைக்கூட எங்கள் கண்ணெதிரே செய்தது கிடையாது. இதை இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு "கையை வீசு, காலை அடி" என்றால் எவனாவது கிணற்றில் இறங்குவானா? நாங்கள் இறங்கினோம். மாசக்கணக்கில் அவர் பேச்சைக் கேட்டுக் குனிந்தோம், நிமிர்ந்தோம், மல்லாந்து படுத்தோம்.

ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. மெலிந்த ஆள். கதர் ஜிப்பா, நாலு முழ வேட்டி, பட்டையோ நாமமோ இல்லாத வெறும் நெற்றி. அவர் பெயரை யாரும் கேட்டதாக நினைவில்லை. எங்கிருந்து வந்தார் என்று மட்டும் எல்லோரும் கேட்டோம். அதற்கு அவர் சொன்ன பதில்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் முதுகைச் சொல்லிவிட வேண்டும். முதுகு சரியாக இருந்திருந்தால் நான் அவர் இருந்த திசைக்கே போயிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர், அரியலூர் இரண்டும் அப்போது திருச்சி ஜில்லா. நான் பெரம்பலூர் அரியலூர் ரூட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலேறப் போகிற சனம் எல்லாம் அரியலூருக்கு எங்கள் பஸ்ஸைத்தான் நம்பியிருந்தது. அந்தக் காலத்தில் டிரைவர் என்றால் சும்மா இல்லை. டீக்கடையில் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. வழியில் நிற்கிற பெரிய மனிதர்கள்கூட "டிரைவர் தம்பி, கொஞ்சம் நின்னு போங்க" என்று கெஞ்சுவார்கள். அந்த மரியாதைக்கு நடுவில்தான் இடுப்பில் வலி பிடித்தது. இடது காலில் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும். கிளட்சை மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் அரியலூர் ஸ்டாண்டில் சீட்டை விட்டு இறங்க முடியாமல் நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். மறுநாளிலிருந்து வேறொருவன் ஓட்டினான்.

எங்கள் முதலாளிக்கு பஸ் மட்டும் தொழில் இல்லை. வெங்காய மண்டி பெரிய தொழில். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"யோவ், சித்திர பொறக்கிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீ சீட்டுல ஏறி உக்காந்தீன்னா பஸ்ஸு ஒனக்கு. இல்லன்னா மண்டியில வாட்ச்மேனா இரு. பழகுன ஆளுங்கிறதால சொல்றேன், வேற எவனும் இதுகூடச் சொல்ல மாட்டான்."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அதிகமாக வலித்தது. ஸ்டியரிங் பிடித்த கையால் மண்டி வாசலில் தடியைப் பிடித்துக்கொண்டு மாட்டை விரட்ட வேண்டும். டீக்கடையில் அந்த டம்ளர் அடுத்தவனுக்குப் போய்விடும். வெளியே சிரித்துவிட்டு உள்ளுக்குள் செத்துப்போனேன்.

மாஸ்டரிடம் என்னை அனுப்பியதும் முதலாளிதான். அவருக்குப் பல வருஷமாகத் தூக்கம் இல்லை. மாஸ்டர் ஏதோ மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, மனிதர் பஸ்ஸில் ஏறினாலே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அந்த நன்றியில் மண்டிக்குப் பின்னால் இருந்த குடோனையும் பக்கத்தில் ஒரு சின்ன அறையையும் மாஸ்டருக்குக் கொடுத்திருந்தார். சரக்கு இல்லாத நாளில் குடோன் முழுதும் எங்களுக்கு. சரக்கு வந்துவிட்டால் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கோணிச் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வோம்.

முதல் நாள் மாஸ்டர் என்னை நிற்க வைத்து, "குனிங்க" என்றார்.

"எப்படின்னு ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன் மாஸ்டர்."

"நான் செஞ்சா நல்லது எனக்குத்தானேங்க. ஒங்களுக்கு என்ன வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல பதில் மாதிரியே இருந்தது. பாதி வழி நடந்து வந்த பிறகுதான், அது பதிலே இல்லை என்று உறைத்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரும்பாவூர்க்காரி. பட்டென்று பேசுவாள்.

"கரண்டியப் புடிச்சுக் காட்டாம எவளாச்சும் சமையல் சொல்லிக் குடுப்பாளா? ஆளு டூப்புங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா எங்கம்மா ரசம் மட்டும் வாயாலயேதான் சொல்லிக் குடுத்துச்சு" என்றாள்.

"அதான் ஒன் ரசம் அந்த லட்சணத்துல இருக்கு."

அன்றைக்கு ராத்திரி என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை.

மாஸ்டர் உட்கார்கிற விதமும் ஒரு தினுசு. மண்டியில் எடை போடுகிறவருக்கென்று உயரமான முக்காலி ஒன்று கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, வலது காலை விறைப்பாக முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மணி நேரம் அப்படியே இருப்பார். நாங்கள் அதை ஏதோ உயர்ந்த ஆசனம் என்று நினைத்தோம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் எங்களோடு வந்துகொண்டிருந்தார். அவர் ஆபீஸ் நாற்காலியிலும் காலை அப்படியே நீட்டி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மனு கொடுக்க வந்த கிழவர் தடுக்கி விழுந்து பெரிய ரகளை ஆகிவிட்டது. "எனக்கு அந்த ஆசனம் சொல்லிக் குடுக்கலியே மாஸ்டர்" என்று கேட்டதற்கு, "அது ஒங்களுக்கு வேணாங்க" என்று மட்டும் சொன்னார். குரலில் ஒரு வேகம் இருந்தது. குமாஸ்தா அதற்குப் பிறகு அந்த நீட்டின காலை இன்னும் ஆசையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அவருடைய வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை "பாதி போதும்." குனிந்து தரையைத் தொடப் போகிற நேரத்தில், "பாதி போதும், நிமிருங்க" என்பார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போது, "பாதி போதும், விடுங்க" என்பார். எந்த ஆசனத்தையும் எங்களை முடிக்க விட்டதில்லை. பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் எழுப்பி விடுகிற மாதிரி எனக்குக் கோபம் கோபமாக வரும். முழுசாகச் செய்தால்தானே முழுசாகக் குணமாகும்? கேட்டால், "முழுசுங்கிறது எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?" என்பார். தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

கண்ணை மூடியிருந்தாலும் எங்கள் மூச்சுச் சத்தத்தை வைத்தே தப்பைக் கண்டுபிடிப்பார். "டிரைவர், தோளை இறக்குங்க" என்பார். பார்த்தால் நிஜமாகவே என் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். எனக்குப் புல்லரித்துவிடும். இவர் சாமானிய ஆள் இல்லை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதே வாரத்தில் ஒருநாள் குமாஸ்தாவைப் பார்த்து, "என்ன குமாஸ்தா, மூச்ச அடக்காதீங்க, விடுங்க" என்றார்.

"அவரு ஒண்ணுக்குப் போயி ரொம்ப நேரமாச்சுங்க மாஸ்டர்" என்றேன்.

மாஸ்டர் கண்ணைத் திறக்கவே இல்லை. "வந்ததும் சொல்லுங்க" என்றார்.

இப்படி ஒரு நாள் மலையில் ஏற்றுவார், மறுநாள் அவரே மடுவில் தள்ளுவார். எதை நம்புவது?

வெங்காயம் வேறு. புதுச் சரக்கு இறங்கிய வாரத்தில் மூச்சை இழுத்தால் சருகு மூக்கில் ஏறும். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் தண்ணீர் தாரை தாரையாக ஓடும். ஒருநாள் அப்படி நாங்கள் சவாசனத்தில் கிடந்தபோது முதலாளியின் உறவினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை ஆம்பிளைகள் ஒரே நேரத்தில் அழுகிறார்களே, பெரிய ஞானம்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர்தான் ஊரெல்லாம் மாஸ்டர் புகழைப் பரப்பினார்.

இப்போது அவர் எங்கே படித்தார் என்ற கதைக்கு வருகிறேன். முதலாளியிடம், இமயமலையில் ஒரு சாமியாருக்கு விறகு பொறுக்கிப் போட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். முதலாளிக்கு சாமியார் என்றால் மனசு உருகிவிடும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடை பாய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள் துபாயில். அவரிடம் மாஸ்டர், நாகூர் தர்காவில் ஒரு பக்கிர்சா மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று சொல்லியிருந்தார். குமாஸ்தாவிடம், மைசூரில் சர்ட்டிபிகேட் வாங்கிய படிப்பு என்றார். என்னிடம் சொன்னது என்ன தெரியுமா? பட்டாளத்தில் லாரி ஓட்டிய ஒரு டிரைவரிடம் கற்றுக்கொண்டாராம்.

ஒருநாள் வகுப்பு முடிந்து டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும், முதலாளி சொல்லியிருந்த கதையையும் சேர்த்து, இதைப் பேசிக் கூட்டிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. குமாஸ்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாய் மட்டும் அமைதியாக டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நாம கடையில வர்ற ஆளப் பாத்துத்தானே துணிய விரிக்கிறோம். அதுக்காகத் துணி பொய்யின்னு ஆயிடுமா? சரக்கு நல்லாருக்கான்னு பாருங்க. அல்லா அறிவான்."

சரக்கு நல்லா இருந்ததா? அதிலும் குழப்பம்தான். தை மாசத்துக்குள் என்னால் நானாகக் குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. மரப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார முடிந்தது. ஆனால் அதே சமயத்தில் திருச்சி டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கட்டியிருந்தேன். என் மனைவி ஒரு வைத்தியரிடம் வாங்கி வந்த எண்ணெயை நாள் தவறாமல் தேய்த்தாள். அது போதாதென்று சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்கு வேண்டியிருந்தாள். யாரால் வலி குறைந்தது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. "எண்ணெ தேய்ச்சவ நானு, பேரு வாங்குறது அந்த முக்காலி ஆளா?" என்பாள். வலி குறைந்ததா, பழகிவிட்டதா என்றே எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாசியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு அரியலூர்ப் பக்கம், நிலபுலத்தோடு வாழ்கிற குடும்பம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். டவுனில் மேசை போட்டுச் சாப்பாடு போடுகிற பழக்கம் அப்போதே வந்திருந்தது. முதலாளிக்கு அது பிடிக்காது. தரையில் பாய் விரித்துத் தலைவாழை இலை போட்டால்தான் அவருக்குக் கல்யாணம்.

மாஸ்டர் முகூர்த்தத்துக்கு வந்து ஒரு பந்தல்காலில் சாய்ந்து நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். தாலி கட்டி முடிந்ததும், "போயிட்டு வரேங்க" என்று மெதுவாக நழுவப் பார்த்தார். முதலாளி பார்த்துவிட்டார். எங்கள் ஊரில் கையை நனைக்காமல் ஒருவர் கிளம்பினால் அது விருந்து வைத்தவனுக்கு அவமானம். கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தால்தான் மரியாதை.

"மொதப் பந்தியில மாஸ்டர் உக்காந்தாத்தான் சம்பந்தி உக்காருவாரு. வாங்க!"

"அப்பறம் ஆகட்டுங்க. எனக்குப் பசி இல்லீங்க."

"அதெல்லாம் செல்லாது. சம்பந்தி, இவருதான் நான் சொன்ன யோகாசன மாஸ்டரு. இமயமலையில படிச்சவரு!"

சம்பந்தி வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார். "அப்படிங்களா! சம்மணம் போட்டு உக்காருறதுலயே தெரிஞ்சிரும்பாங்களே. உக்காருங்க, நாங்களும் பாத்துக் கத்துக்குறோம்."

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு முதலாளியின் பங்காளிகள் இரண்டு பேர், அன்பு தாங்காமல், ஆளுக்கொரு தோளைப் பிடித்துக் கீழே அமுக்கினார்கள். அவ்வளவு பாசம். மாஸ்டரின் வலது கால் மடங்கவில்லை. மரக்கட்டை மாதிரி நேராக நின்றது. "அய்யோ" என்று ஒரு சத்தம். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து இலை மேல் விழுந்தார். சாம்பார் வாளி உருண்டது.

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அதோடு சிரிப்பு பரவியது. "உக்காரவே தெரியாத ஆளு யோகா வாத்தியாரா?" என்று ஒரு குரல். சம்பந்தி துண்டை வாயில் வைத்து மூடிக்கொண்டார். எங்கள் முதலாளியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாஸ்டருக்குத் தானாக எழுந்திருக்க வரவில்லை. ஒரு கையை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். சோற்றில் கை வழுக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து அவர் அக்குளில் கையைக் கொடுத்தேன். ஜிப்பாவெல்லாம் சாம்பார். அந்த நிலைமையிலும் அவர் என் காதில் சொன்னது இது:

"முட்டிய மடக்கிக் குனிங்க. முதுக வளைக்காதீங்க. ம்... இப்பத் தூக்குங்க."

தூக்கினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், பல மாசத்துக்குப் பிறகு ஒரு ஆளைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறேன் என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் குடோனுக்கு என்னைத் தவிர யாரும் வரவில்லை. பாய்கூட வரவில்லை. மாஸ்டர் வழக்கம்போல முக்காலியில் இருந்தார். நான் சாக்கை விரிக்கவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அப்படியே கொட்டினேன்.

"ஒங்களால கால மடக்க முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாஸ்டர்? என் பொழப்பையே ஒங்க கையில குடுத்திருக்கேன்."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப சொல்லாதது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் அன்றைக்கு அதோடு நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். வாலிபத்தில் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவில் ஒருவன் காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டி வித்தை காட்டியதைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு அதே மாதிரி செய்தாராம். இடுப்பில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். பல மாசம் படுக்கை. எழுந்தபோது இடுப்பு எலும்பு இறுகிப்போய் மடங்கவில்லை.

"பாத்துட்டுச் செஞ்சேங்க. அதான் தப்பு. பாக்காம, கேட்டுக் கேட்டுச் செஞ்சிருந்தா ஒடம்பு வலிக்கிற எடத்துல தானா நின்னிருக்கும். அதுக்கப்பறம் அந்த வித்தைக்காரனையே தேடிப் போனேன். செஞ்சு காட்டாத, வாயால சொல்லுன்னேன். ரெண்டு வருசம் அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே அவங்கூட அலைஞ்சேன். அவ்வளவுதாங்க என் படிப்பு."

என் நெஞ்சு இளகிவிட்டது. 'பாதி போதும்' என்று அவர் எங்களை நிறுத்தியதெல்லாம் இதனால்தானா என்று தோன்றியது. காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிஷமே வேறொரு நினைப்பு குறுக்கே வந்தது. முதலாளிக்கு சாமியார், பாய்க்குப் பக்கிர்சா, குமாஸ்தாவுக்கு சர்ட்டிபிகேட். நேற்று விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கோபமாக வந்து நிற்கிற டிரைவருக்கு இந்தக் கதையா?

"இதாச்சும் நெசமா மாஸ்டர்?"

"ஒங்க முதுகு எப்படி இருக்கு?"

"தெரியலீங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. நேற்று ஆளைத் தூக்கிய அலுப்பு ஒரு பக்கம், பழைய வலி ஒரு பக்கம். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"எனக்கும் தெரியாதுங்க" என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கை விரித்துப் படுத்தேன். அதற்குப் பிறகு நான் ஒருவன்தான் போனேன். ஏன் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டால், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பங்குனி கடைசியில் முதலாளி குடோன் சாவியை வாங்கிக்கொண்டார். சண்டை எதுவும் இல்லை. ஆள் அனுப்பி வாங்கினார். எனக்கும் சொல்லி அனுப்பினார். "நாளைக்குக் காலையில மொத டிரிப்பு நீ எடுய்யா. மவ வூட்டுக்கு நானும் அரியலூரு வரேன். பக்கத்துல இருந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

காலையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதலாளி எனக்குப் பின் சீட்டில் சீர்க்கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை. வண்டியை எடுக்கப் போகிற சமயத்தில் ஒரு தகரப்பெட்டியோடு மாஸ்டர் வந்தார். கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

"எங்க மாஸ்டர்?"

"அரியலூருங்க. ரயிலுக்கு."

திரும்பி வருகிற பயணம் இல்லை என்று பெட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. சீட்டு காலியாக இருந்தது. ஆனால் அந்த இடுக்கில் அவர் காலை எங்கே நீட்டுவார்? என் பக்கத்தில் இருந்த எஞ்சின் பானெட்டில் சாய்ந்தபடி நின்றுகொண்டார். முதலாளி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாதித் தூரம் வரை ஒன்றும் தெரியவில்லை. பறக்கிற மாதிரி இருந்தது. பேரளி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் குழி போட்டிருந்த ரோடு. அங்கேதான் இடுப்பில் மெதுவாக இழுத்தது. நான் முகத்தை மாற்றவில்லை. மாற்றினால் பின்னால் இருக்கிறவருக்குக் கண்ணாடியில் தெரியும். மாஸ்டர் கண்ணை மூடியபடி, "தோளை இறக்குங்க. மூச்ச விடுங்க. பாதி போதும்" என்றார்.

"கிளட்ச பாதி மிதிச்சா கியரு விழாதுங்க மாஸ்டர்!" என்று கண்டக்டர் சத்தம் போட்டான். பஸ்ஸே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தபோது வலி விட்டதா, அல்லது நான் கவனிக்கவில்லையா, சொல்லத் தெரியவில்லை. பிறகு மறுபடி இழுத்தது. பிறகு மறுபடி விட்டது. அரியலூர் வந்துவிட்டது.

யாரும் தூக்காமல் நானே இறங்கினேன். முதலாளி கூடையோடு சுற்றி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தபடி நின்றார். அதே நேரத்தில் மாஸ்டரும் இறங்கி வந்தார். இத்தனை நாள் மறைத்து வைத்த நொண்டலை இப்போது மறைக்காமல், காலை வீசி இழுத்துக்கொண்டு வந்தார்.

"வலிச்சுதுங்களா?" என்றார்.

என் முதலாளி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கேள்வியை இந்த இடத்தில் கேட்கலாமா இந்த மனிதர்?

"இல்லீங்க மாஸ்டர்" என்றேன்.

"அப்பறம் என்னய்யா? வண்டி ஒன்னுதுதான்" என்று சொல்லிவிட்டு முதலாளி கூடையோடு மகள் வீட்டுக்கு நடந்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மாஸ்டர் போகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவா? கொஞ்சங்கூட வலிக்கலியா?"

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அது சொல்லிக் கொடுக்கிறவர் முகம் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பேப்பரைத் தேடுகிறவன் முகம். தன் உடம்பில் ஒரு நாளும் செய்து பார்க்க முடியாததை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அது பலிக்குமா பலிக்காதா என்று எங்களைவிட அதிகமாக அவர்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நெசமாத்தாங்க" என்றேன்.

"அப்ப நான் சொல்லிக் குடுத்தது சரிதாங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு வேகமாக நடந்தது அன்றைக்குத்தான்.

பெரம்பலூர் டிரிப்புக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தது. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இடுப்பு விண்ணென்று தெறித்தது. அது பழைய வலிதானா, பயம் விட்ட நடுக்கமா, எனக்குத் தெரியவில்லை. இறங்கி ஓடிப்போய் அவரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால் எனக்கு பஸ் போயிருக்கும். அவருக்கு என்ன போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வண்டியை எடுத்தேன்.